மழைநீர்க் கணக்குக்கு ஒரு மூலநிதி

மேற்கு மாம்பலத்தில் வளர்ந்து, இன்று உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் மென்பொருள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஆரிய கௌடா சாலையிலும் லேக் வியூ சாலையிலும் போஸ்டல் காலனியின் குறுக்குத் தெருக்களிலும் ஓடியாடி வளர்ந்து, இங்குள்ள பள்ளிகளில் கணிதமும் விஞ்ஞானமும் கற்று, இன்று பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரிலோ, அல்லது கடல் கடந்து கலிபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ மென்பொருள் எழுதுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கும் உங்களை முன்னிட்டு இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் பெற்றோர்களோடு ஒரே பேட்டையில் வாழ்கிறவன், நீரோட்டக் கணக்குகளோடு உத்தியோக காலத்தைக் கழித்தவன் என்ற இரண்டு உரிமைகளையும் கொண்டு, உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தூர தேசத்திலிருந்து நீங்கள் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி, "தெருவில தண்ணி நிக்கறதாம்மா? வாசப்படி ஏறிடுத்தா?" என்பதுதான். உங்கள் தாயார் ஜன்னல் கதவைத் திறந்து, எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஈரம் எத்தனை செங்கல் வரிசை ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார். இந்தக் கேள்விக்கு, மேகம் திரளும்போதே, இன்றிரவு இத்தனை சென்டிமீட்டர் பெய்தால் இத்தனை மணிக்கு உங்கள் வாசலில் இத்தனை அங்குலம் நிற்கும், இத்தனை மணிக்கு வடியும் என்று விடை கூறவல்ல கணித முறை ஐம்பது வருஷங்களாக உலகில் வழங்கி வருகிறது. அதை நடத்தும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதை நடத்தத் தெரிந்தவர்கள் இந்நகரத்துக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். ஆயினும் மேற்கு மாம்பலத்துக் குடும்பம் ஒன்றுக்கு அந்த விடை வந்து சேருவதில்லை. ஏன் வந்து சேருவதில்லை, வரச் செய்வதற்கு எதில் பணத்தைப் போடவேண்டும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் விஷயம்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை, ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்று அழைத்த அந்த மாம்பலத்து ஏரியை, 1920-களில் வடித்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள் என்பதை நீங்கள் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். நம் பேட்டை அந்த ஏரியின் மேற்குப் பக்கம். ஏரியை எடுத்துவிட்டார்களே தவிர, நிலத்தின் தாழ்வை எடுக்க யாராலும் இயலாது. அந்தத் தாழ்வுக்கும் நமக்கும் இடையே ரயில் பாதை ஒரு கரைபோல் குறுக்கிடுகிறது. துரைசாமி சுரங்கப் பாதையும் அரங்கநாதன் சுரங்கப் பாதையும் மழை வலுத்த நாட்களில் முதலில் நிரம்பிப் போக்குவரத்து நிற்பதை நீங்கள் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அறிவீர்கள். கிழக்கே, வள்ளுவர் கோட்டத்துப் பக்கமாகப் புறப்பட்டுத் தியாகராய நகரை ஊடுருவி நந்தனத்தருகே அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய்தான் இப்பிரதேசத்தின் பிரதான வடிகால். அடையாறு தன் கரையளவு ஓடுகிற சமயத்தில் அக்கால்வாய் தன் நீரை எங்கே கொண்டுபோய் விடும்? 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியிலும் மறுநாளும் நாம் கண்டது அதுதான். 2021-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி விடிந்தபோது, ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் பெய்து, தியாகராய நகரும் மாம்பலமும் நாட்கணக்கில் நீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல.

ஆனால் ஒரு சிறு கணக்கை மட்டும் நிதானமாகப் போட்டுப் பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். நம் பேட்டையில் மனையை இன்னமும் கிரவுண்டுக் கணக்கில்தான் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,230 லிட்டர். 20 சென்டிமீட்டர் பெய்தால் 44,600 லிட்டர். 9,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஐந்து வந்து ஒரே மனைக்குள் கொட்டுவதற்கு ஏறக்குறையச் சமானம். வருஷம் முழுவதும் சென்னையில் பெய்கிற சுமார் 140 சென்டிமீட்டரையும் சேர்த்தால் அதே மனையில் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். இப்போது 2019-ஆம் வருஷத்துக் கோடையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அந்த ஜூன் மாதத்தில் அவை அநேகமாக வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நம் தெருக்களில் வயது முதிர்ந்த மாதர்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்து விட்டு லாரிக்காகக் காத்திருந்தார்கள். வெள்ளமும் வறட்சியும் இருவேறு ஆபத்துக்கள் என்று எண்ணுவது பிழை. வந்த நீரில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு தேங்கியது, எவ்வளவு ஓடியது என்ற ஒரே கணக்கின் வரவும் செலவுமே அவை.

அந்தக் கணக்கை எழுதும் வித்தைதான் நீரியல் மாதிரி. அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனம் 1971-இல் வெளியிட்டு, அன்று முதல் செம்மைப்படுத்திக்கொண்டு வருகிற எஸ்.டபிள்யூ.எம்.எம். என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டையைச் சிறு சிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிமெண்டுத் தரை எவ்வளவு, மண் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, மழை விழுந்ததும் மண் குடிப்பது போக மிஞ்சியதை வடிகாலில் இறக்கி, வடிகாலின் அகலம், அடிமட்டம், உட்புறச் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் ஸேன் வெனான் 1871-இல் எழுதிவைத்த சமன்பாடுகளைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை தீர்த்துத் தீர்த்து, ஒவ்வொரு மூடிக்கும் கீழே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று அது சொல்லிவிடும். வடிகால் போய் விழுகிற இடத்தில் ஆற்றின் மட்டம் உயர்ந்திருந்தால் நீர் பின்வாங்கி ஏறுவதையும் அது காட்டும். நமக்கு உயிர்நாடியான விஷயம் இதுவே. இதைப் போலவே குழாய்க் குடிநீருக்கு 1993-இல் தோன்றிய எபாநெட், நிலத்தடி நீருக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984-இல் அளித்த மாட்ஃப்ளோ, நிலப்படங்களுக்கு 2002-இல் ஒரு தனிமனிதர் தொடங்கி இன்று உலகமே பராமரிக்கிற கியூஜிஐஎஸ் என்று ஒரு பரிவாரமே இருக்கிறது. இவற்றின் மூலநிரலை யாரும் எடுத்து வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். சந்தையில் பெரும் விலைக்கு விற்கப்படும் மழைநீர் மென்பொருள்கள் சிலவற்றினுள்ளேயும் எஸ்.டபிள்யூ.எம்.எம்.-இன் கணித இயந்திரமே ஓடிக்கொண்டிருக்கிறது. விலை, அதன்மேல் போர்த்திய சௌகரியங்களுக்காக.

விலை கொடுத்து வாங்குவது பாபம் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய கணக்கு பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. ஓர் அலுவலகத்தில், அதன் பெயர் இங்கே அவசியமில்லை, ஒரு வடிகால் பிரதேசத்தைப் பற்றிப் பல வருஷங்களுக்கு முன் ஆலோசனை நிறுவனம் ஒன்றைக்கொண்டு தயாரித்த அறிக்கையைப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு நேர்ந்தது. ஸ்பைரல் பைண்டு செய்த மூன்று தொகுதிகள். கடைசித் தொகுதியின் பின்னட்டையில் ஒட்டியிருந்த காகிதப் பையில் ஒரு குறுந்தகடு. அந்தத் தகட்டில் மாதிரியின் கோப்புகள் முழுமையாக இருந்தன. அதைத் திறக்க முயன்றால், கணினியில் சொருகவேண்டிய டாங்கிள் எங்கே என்று கேட்டது. டாங்கிள் ஒப்பந்தக்காரரோடு போய்விட்டது. லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. அக்கணக்கைப் போட்ட பொறியாளர் வேறு ஊரில் வேறு வேலையில் இருந்தார். தெருத்தெருவாக அலைந்து அளந்த அளவுகள், வெயிலில் நின்று குறித்த மட்டங்கள் அத்தனையும் அந்த வட்டத் தகட்டுக்குள் சமாதியாகிக் கிடந்தன. அடுத்த வெள்ளம் வந்ததும் அடுத்த ஒப்பந்தப்புள்ளி. மறுபடியும் முதலிலிருந்து அளவு. அந்தத் தகட்டில் இருந்தவை எளிய எழுத்துக் கோப்பாக, எவரும் திறக்கக்கூடிய மென்பொருளுக்கு உரியவையாக இருந்திருந்தால், நேற்றுப் படித்து வந்த ஒரு மாணவி அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருப்பாள். பொதுப்பணத்தால் செய்த கணக்கு பொதுவில் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கட்டற்ற மென்பொருள் இலவசமாக இருக்கும்போது அதில் மூலதனம் எதற்கு என்று உங்களில் எவரும் கேட்கமாட்டீர்கள். அதன் உள்விவகாரத்தை அறிந்தவர்கள் நீங்கள். ஆயினும் நீர்த்துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகெங்கும் எண்ணற்ற நகரங்களின் குடிநீர்க் குழாய்களைக் கணக்கிட்டுத் தந்த எபாநெட், 2008-க்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வியாழவட்ட காலம் புதிய பதிப்பைக் காணாமல் இருந்தது. உபயோகிப்பவர்கள் ஆயிரமாயிரம், பழுது பார்ப்பவர் இல்லை. ஓபன் வாட்டர் அனலிடிக்ஸ் என்ற பெயரில் கூடிய தன்னார்வப் பொறியாளர்கள் அதன் மூலநிரலைக் கையிலெடுத்து, பிழைகளைத் திருத்தி, அதை முதலில் வெளியிட்ட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஸ்தாபனத்தோடு சேர்ந்து 2020-இல் 2.2 என்ற பதிப்பைக் கொண்டுவந்தார்கள். தம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர்கள் அவர்கள். உங்கள் கம்பெனிகளில் நிரலின் ஒவ்வொரு வரிக்கும் சம்பளம் உண்டு. கோடானுகோடி ஜனங்கள் குடிக்கும் நீரைக் கணக்கிடும் நிரலுக்கு ஒருவரின் ஓய்வு நேரம் மட்டுமே ஆதாரம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மென்பொருளாவது உலகத்தார் யாரேனும் காப்பாற்றிவிடுவார்கள் என்று நம்பலாம். மேற்கு மாம்பலத்தின் தெருமட்டங்களை உலகத்தார் வந்து அளக்கமாட்டார்கள். பூமியின் மேடுபள்ளங்களைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; நம் இஸ்ரோவின் புவன் தளத்திலும் உண்டு. ஆனால் அவற்றில் சில மீட்டர் அளவுக்குப் பிழை சகஜம். வீட்டு மாடியையும் வேப்பமரத்து உச்சியையும் தரையென்று அவை எடுத்துக்கொள்ளும். நம் பேட்டையிலோ, வாசலில் நிற்கும் நீர் வீட்டுக்குள் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது நான்கு அங்குலம். அந்த நான்கு அங்குலத்தை லெவல் கருவியும் அளவுகோலும் கொண்டு மனிதர்கள்தான் எடுக்கவேண்டும். இந்த வித்தைக்கு நாம் அந்நியர்கள் அல்லர்: 1802-ஆம் வருஷம் லாம்டன் என்னும் ராணுவ அதிகாரி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பரங்கிமலைப் பக்கத்தில் எஃகுச் சங்கிலியை நீட்டி, ஏழரை மைல் ஆதார ரேகை ஒன்றை அளந்து தொடங்கியதுதான், பின்னர் இமயமலையின் உயரம் வரை கண்டறிந்த திரிகோண சர்வே.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஆவின் பால் வண்டி போன பிறகு, ஸ்கூட்டர்கள் புறப்படுமுன், ஒருவர் முக்காலியில் கருவியை நிறுத்திக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர, மற்றொருவர் அளவுகோலைக் கோலத்தை மிதிக்காமல் வாசல்தோறும் பிடித்துக்கொண்டு போனால், ஏழு மணிக்குள் ஒரு தெரு முடிந்துவிடும். வடிகால் மூடியைத் திறந்து அடிமட்டம் எடுப்பதுதான் சிரமமான பகுதி. சகதி எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு என்று கம்பியால் குத்திப் பார்க்கவேண்டும். அப்படி எடுத்த அளவும் நிரந்தரமன்று. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். தனி வீடு இடிந்து அடுக்குமாடி எழுந்தால் கொல்லைப்புற மண் முழுவதும் சிமெண்டாகிவிடுகிறது. ஒரு வடிகாலைப் பழுதுபார்க்கும்போது அதன் சரிவு மாறிவிடுகிறது. ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அளவைத் திருத்தாத மாதிரி பொய் சொல்லத் தொடங்கும். பெரிய பெரிய திட்டங்களில் இந்தத் திருத்தும் வேலைக்குத்தான் யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

நகரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, மத்திய அரசாங்கத்தின் முதன்மை விஞ்ஞான ஆலோசகர் அலுவலகம் முன்னின்று நடத்த, பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும், மும்பை, சென்னை ஐ.ஐ.டி.களும், அண்ணா பல்கலைக்கழகமும் பிறரும் கூடி, மழை, ஆறு, கடல் ஏற்றவற்றம் மூன்றையும் இணைத்துக் கணக்கிடும் சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறையை உருவாக்கி, 2019 நவம்பரில் வெளியிட்டார்கள். அது பெருமைக்குரிய சாதனை. தேசிய அளவில் 2016-இல் ஏறத்தாழ 3,680 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய நீரியல் திட்டம் தொடங்கியது. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினந்தோறும் பிரசுரிக்கிறது. அரசாங்கத் தகவல்களைப் பொதுவில் வைக்கவேண்டும் என்ற கொள்கை 2012-லும், அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கொள்கை 2015-லும், நிலப்படங்களை இந்தியர் யாரும் தயாரிக்கலாம் என்ற தாராளமான விதிகள் 2021-லும் வந்துவிட்டன. கொள்கையில் கதவு திறந்தே இருக்கிறது. நகரம் முழுவதையும் நோக்கும் மாதிரிகளுக்கும், ஒரு தெருவின் வாசற்படிக்கும் இடையே உள்ள தூரத்தை யார் கடப்பது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.

பொதுவான கணக்கு இல்லாமையால் நேரும் நஷ்டம் பண நஷ்டம் மட்டும் அன்று. 2015 டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அதோடு கீழ்ப்புறத்து எண்ணிறந்த ஏரிகளின் மிகைநீரும் அடையாற்றில் சேர்ந்தது. ஏரியைத் திறந்ததால் ஊர் மூழ்கியதா, திறக்காவிட்டாலும் மூழ்கியிருக்குமா என்ற வாதம் வருஷக்கணக்கில் நடந்தது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, ஏரியை இயக்கிய விதத்தைக் கடுமையாகக் குறை கூறியது. வேறு நிபுணர்கள் வேறு அபிப்பிராயம் சொன்னார்கள். ஆற்றின் குறுக்களவுகளும் மழைமானிகளின் மணிக்கணக்கான பதிவும் மதகுகளின் நேரக்குறிப்பும் பொதுவில் ஒரே இடத்தில் இருந்திருந்தால், மதகைத் திறந்தபடியும் திறக்காதபடியும் இரண்டு தரம் அக்கணக்கை ஓட்டிப் பார்த்து, வித்தியாசம் இத்தனை அடி என்று ஒரு முதுகலை மாணவன் ஒரு வாரத்தில் காட்டியிருக்கக்கூடும். உறவினரையும் உடைமையையும் இழந்த ஜனங்களுக்கு அந்த விடை உரியது. அது அவர்களுக்குச் சந்தேகமறக் கிடைக்காமல் போனதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது.

எனவே உங்களிடம் நான் கேட்பது ஒரு மூலநிதி. புதியதொரு செயலி வேண்டாம். வெள்ளம் வந்த வாரத்தில் உற்சாகமாகச் செயலிகளை எழுதி, அடுத்த கோடையில் அவற்றை மறந்துவிடுவதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. நம் முன்னோர்கள் ஏரிகளை எவ்வாறு காத்தார்கள் என்பதைக் கல்வெட்டுக்களில் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. பல ஊர்களில் பக்தர்களும் வணிகர்களும் பொன்னை முதலாக வைத்து, அந்த முதலைத் தொடாமல், அதன் பலிசையாகிய வட்டியைக் கொண்டு வருஷந்தோறும் ஏரியில் குழிவெட்டிக் கரை உயர்த்தும்படி கட்டளை செய்திருக்கிறார்கள். ஏரியை வெட்டிய அரசன் புகழ் ஒருபுறம் இருக்க, அது தூராமல் இருந்தது இந்த வட்டிப் பணத்தால். மழைநீர்க் கணக்கும் தூர்ந்துபோகும் பொருள்தான் என்று மேலே சொன்னேன். ஒரு கோடி ரூபாயை ஏழு சதவிகித வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு ஏழு லட்சம். ஓர் இளம் பொறியாளர் முழுநேரமாக இந்தக் காரியத்தில் இருக்க அது போதும். மூன்று கோடி சேர்ந்தால், ஒருவர் தெருவில் அளக்க, ஒருவர் மாதிரியைத் திருத்த, ஒருவர் எஸ்.டபிள்யூ.எம்.எம்., கியூஜிஐஎஸ் போன்றவற்றின் பொது மூலநிரலில் பிழை நீக்கி உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க, ஒரு சிறு குழு நிலைத்து நிற்கும். உங்களுடைய எண்ணிக்கைக்கும் சம்பாத்தியத்துக்கும் இது எட்டாத தொகையன்று.

சட்ட விஷயத்தில் சிறிது எச்சரிக்கை அவசியம். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள், தம் சொந்த வருமானத்தை முறையான வங்கி வழியே அனுப்பினால் அது அந்நிய நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்பினால் ஆகும். அதைப் பெறும் அறக்கட்டளை 2010-ஆம் வருஷச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்கவேண்டும். அத்தகையவர்கள் பணத்துக்குப் பதிலாக உழைப்பைக் கொடுக்கலாம். திருத்தி அனுப்பும் நிரலுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. உள்ளூரில் பெரிய கம்பெனிகளில் இருப்பவர்கள் வேறொன்று செய்யமுடியும். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. இயற்கை வளப் பாதுகாப்பு அந்த ஜாபிதாவில் இருக்கிறது. ஏரியில் ஒரு நாள் பிளாஸ்டிக் பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், அந்நிதியில் ஒரு பங்கு, அளவெடுப்புக்கும் கணக்குக்கும் சம்பளமாக ஐந்து வருஷத்துக்குத் தொடர்ந்து வரவேண்டும் என்று உங்கள் நிர்வாகத்திடம் நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இது அரசாங்கத்தின் கடமை அல்லவா, நாம் ஏன் செய்யவேண்டும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். கடமை அரசாங்கத்துடையதுதான், வடிகால் வெட்டுவதும் மதகு திறப்பதும் அதற்கே உரியவை, அவற்றை நாம் கையிலெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஆனால் மாநகராட்சிப் பொறியாளர் ஒரு புதிய வடிகாலின் வரைபடத்தோடு தெருவுக்கு வரும்போது, நம்மிடம் ஒரு திறந்த மாதிரி இருந்தால், இந்தச் சரிவில் போட்டால் நீர் பத்தாம் எண் வீட்டருகே தேங்கும் என்று மரியாதையாகக் காட்ட முடியும். அவரும் தம் எண்களை அதில் இட்டு, நாம் சொல்வது தவறென்றால் தவறென்று காட்ட முடியும். இப்போது நடப்பதோ, நாம் குரலை உயர்த்துவதும் அவர் கோப்பை மூடுவதும். நான் அந்த மேஜைக்கு அப்புறமும் உட்கார்ந்திருக்கிறேன், இப்புறமும் நின்றிருக்கிறேன். இரு பக்கத்தாருக்கும் பொதுவான ஓர் எண் இல்லாத குறையை இரு பக்கத்திலும் அனுபவித்திருக்கிறேன்.

இந்நகரத்துக்குக் கட்டற்ற மென்பொருள் புதிதும் அன்று. 1998 முதல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடி வருகிறது; 2005-இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யூ.-கே.பி.சி. மையத்தில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது; சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் லினக்ஸை உருவாக்கியது; தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது தேசமே திரும்பிப் பார்த்தது; 2012 முதல் கணியம் இதழ் இவ்விஷயங்களைத் தமிழில் எழுதி வருகிறது. மூலநிரல் அறிந்த இந்த இளைஞர்களுக்கு நீரோட்டம் தெரியாது. நீரோட்டம் படித்த சிவில் மாணவர்களோ வேலை கிடைக்காமல் உங்கள் தொழிலுக்கே வந்துவிடுகிறார்கள். எத்தனையோ நல்ல நீரியல் மூளைகள் வங்கிக்கணக்கு மென்பொருளைப் பரிசோதித்துக்கொண்டிருப்பதை நான் அறிவேன். உங்களிலும் சிலர் இருப்பீர்கள். அவர்களுக்கு ஒரு கௌரவமான சம்பளத்தைக் காட்டினால் திரும்பி வருவார்கள்.

தொடக்கம் சிறிதாக இருக்கட்டும். ஆரிய கௌடா சாலையையும் அதன் குறுக்குத் தெருக்களையும் மட்டும் முதல் வருஷத்துக்கு எடுத்துக்கொள்வோம். நான்கு மொட்டை மாடிகளில், 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருதரம் கவிழ்ந்து நேரத்தைப் பதிவு செய்யும் கிண்ணம் வைத்த மழைமானிகள். நுங்கம்பாக்கத்தில் கொட்டும் மழை இங்கே தூறலாக இருக்கும் நாட்கள் உண்டல்லவா? 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு புத்துயிர் பெற்ற கொல்லைக் கிணறுகள் சிலவற்றில் வாரம் ஒருமுறை நீர்மட்டம் குறிக்க ஒரு நாடா. தெருமுனை மின்கம்பங்களில் அங்குலம் அங்குலமாக வர்ணம் அடித்த அளவுகோல். இவற்றின் பதிவு அத்தனையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது நிலப்படத்திலும், எவரும் பதிவிறக்கக்கூடிய எளிய அட்டவணையிலும், தமிழில் எழுதிய விளக்கத்தோடு இருக்கவேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் உங்களில் பத்துப் பேர் சேர்ந்து முதல் வருஷச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்து, உங்கள் தெருவின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காலை ஐந்தரை மணிக்கு மேல் வாசலில் அளவுகோல் பிடிக்கப் பெற்றோரிடம் அனுமதி கேட்டுவையுங்கள். லெவல் கருவியை இரவலாகக் கொண்டுவருவதும், பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற பொறியாளன்,
மேற்கு மாம்பலம்.